வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் எவ்வளவு பிடிக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மூன்று ஆண்டுகள் குடியிருந்த வீட்டை இன்னும் மூன்று வாரத்தில் காலி செய்கிறீர்கள். வீடு முழுக்கப் பெயிண்ட், சுத்தம் செய்யும் கூலி, சமையலறை மேடையில் ஒரு சூட்டுத் தழும்பு, படுக்கையறைச் சுவரில் பூஞ்சை என்று வரிசையாகச் சொல்லி, டெபாசிட்டில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். அவர் எவ்வளவு வரை பிடிக்கலாம், அதற்குப் பதிலாகக் கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதாவது, அந்தப் பணம் யாருடையது, ஒரு பிடித்தம் சரிதான் என்று காட்ட வேண்டியவர் யார் என்பதுதான் நீங்கள் கேட்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தொகை பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

வாடகை வீடுகளை நிர்வகிப்பதும், காலி செய்யும்போது இரு தரப்புக்கும் கணக்கு முடித்துக் கொடுப்பதும் நெடுநாளாக என் தொழில். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஒரு தொகையை என்னால் சொல்ல முடியாது. எங்கும் பொருந்துகிற அடிப்படையை முதலில் சொல்கிறேன். சட்டம் மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

டெபாசிட் உங்கள் பணம். உரிமையாளரிடம் அது காப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் உரிமையாளர் டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அவரைக் கட்டச் சொல்லலாம். தகராறு வந்தால், பணம் குடியிருப்பவருடையது என்பதில் தொடங்கித்தான் அந்தத் திட்டத்தின் நடுவர் கோப்பைப் பிரிக்கிறார். பிடித்தம் வேண்டுமென்றால் உரிமையாளர்தான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்தப் பணத்தை உரிமையாளர் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது, அரசிடம் போய்விடும். ஜெர்மனியில் வட்டி வரும் தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டியும் உங்களுக்கே. கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று டெபாசிட் வாங்கவே அனுமதி இல்லை. ஏற்பாடுகள் வேறுவேறாக இருந்தாலும், இந்தச் சட்டங்கள் எல்லாமே உரிமையாளர் அந்தப் பணத்தைத் தன் வருமானமாக எடுத்துக்கொள்ளாமல் தடுக்கத்தான் இருக்கின்றன.

அப்படியானால் எதற்குப் பிடிக்கலாம்? வாடகை பாக்கி, நீங்கள் கட்டாமல் விட்ட மின்சார, தண்ணீர்க் கட்டணம், காணாமல் போன பொருள், இயல்பான தேய்மானத்தைத் தாண்டிய சேதம், வீட்டுக்குக் குடிவந்தபோது இருந்த அளவுக்குச் சுத்தமாகத் திருப்பித் தராததற்கான செலவு. ஏறக்குறைய இவ்வளவுதான். அடுத்து வருபவருக்கு வீடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஆகும் செலவு இதில் வராது. அது உரிமையாளரின் தொழில் செலவு, மாதாமாதம் நீங்கள் கொடுத்த வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சண்டை வருவது பெரும்பாலும் ‘இயல்பான தேய்மானம்’ என்ற ஒரு சொற்றொடரில்தான். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவே, வீடு கைக்கு வந்தபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானத்தாலோ தடுக்க முடியாத சக்தியாலோ வரும் மாற்றம் மட்டும் இதற்கு விலக்கு என்கிறது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் ஜப்பான் இதை வெளிப்படையாக எழுதிவைத்தது: சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்தையும் காலப்போக்கில் வந்த பழமையையும் குடியிருந்தவர் சரிசெய்து தர வேண்டியதில்லை.

ஒரு காலி வீட்டுக்குள் நுழைந்தால் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கை பட்டுப்பட்டு ஒரு மங்கலான வட்டம் இருக்கும். பீரோ நின்ற இடத்தில் சுவர் வெளுப்பாகவும் சுற்றிலும் சற்றுப் பழுப்பாகவும் தெரியும். ஜன்னலை ஒட்டிய தரையும் திரைச்சீலையும் வெயிலில் நிறம் போயிருக்கும். கதவுப் பிடி தளர்ந்திருக்கும், குழாய் வாஷர் தேய்ந்திருக்கும். இவையெல்லாம் தேய்மானம். மேடையில் சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு, பொருள் விழுந்து விரிசல் விட்ட வாஷ்பேசின், நாய் பிறாண்டிய கதவு, உடைந்த கண்ணாடி, உரிமையாளரைக் கேட்காமல் அடித்த அடர்நிறப் பெயிண்ட் இவையெல்லாம் சேதம். ஆணித் துளைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். படம் மாட்ட அடித்த இரண்டு மூன்று சின்னத் துளைகளைப் பெரும்பாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. டிரில் போட்டு அலமாரி மாட்டி, கழற்றும்போது பூச்சும் பெயர்ந்து வந்திருந்தால் அது சேதம்தான். எத்தனை பேர், எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் மூன்று ஆண்டு புழங்கிய வீடும் ஒருவர் ஆறு மாதம் இருந்த வீடும் ஒரே மாதிரி தேயாது.

சேதம் என்றே ஆனாலும் முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற இடம் இது, உங்கள் விஷயத்தில் பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தப் பொருளுக்கும் ஓர் ஆயுள் உண்டு. உரிமையாளர் இழந்தது அதில் மிச்சமிருந்த ஆயுளைத்தானே தவிர, புதுப் பொருளை அல்ல. பெயிண்ட் ஆறு ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிவந்தபோது அதை அடித்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, நீங்கள் மூன்று ஆண்டு இருந்தீர்கள். ஐந்து ஆண்டு முடிந்துவிட்டது, மிச்சம் ஆறில் ஒரு பங்கு. ஒரு சுவர் முழுக்கக் குழந்தை கிறுக்கி வைத்திருக்கிறது, அந்தச் சுவரைச் சரிசெய்ய 6,000 ஆகும் என்றால் உங்கள் பங்கு 1,000. அதுவும் அந்தச் சுவருக்கு மட்டும், வீடு முழுக்க அல்ல. ஜப்பான் அரசின் வழிகாட்டுதலில் சுவர்த்தாளுக்கு ஆறு ஆண்டு என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு ஆண்டு கழிந்தால் அதன் மதிப்பு ஒரு யென். ஆனால் வேண்டுமென்றே பாழாக்கியிருந்தால், பொருளுக்கு மதிப்பே இல்லாவிட்டாலும் சரிசெய்யும் கூலியைக் குடியிருந்தவர் ஏற்க வேண்டி வரலாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி எழுதிவைத்த அட்டவணை கிடையாது. ஆனால் ‘இது அடித்து எத்தனை ஆண்டு ஆகிறது, மிச்ச ஆயுள் எவ்வளவு’ என்ற கேள்வியை எங்கும் கேட்கலாம். நியாயமான உரிமையாளர் இதற்குப் பதில் சொல்வார்.

மேடையில் உள்ள தழும்புக்கும் இதே கணக்குதான். முதலில் பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். கல் மேடையாக இருந்தால் மெருகேற்றினாலே போய்விடக்கூடும். லேமினேட் என்றால் தழும்பு போகாது, அந்தப் பலகையை மாற்ற வேண்டிவரும். அப்போதும் அதன் வயதைக் கழித்த தொகைதான். மேடை முழுக்க மாற்றியதற்கு பில் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்யும் முன் நீங்களே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுவது பெரும்பாலும் மலிவு. ஆனால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒட்டுப் போட்ட வேலை கோணலாக வந்தால் அதுவே இன்னொரு சேதமாகிவிடும்.

பூஞ்சைக்கு மட்டும் நான் திட்டவட்டமாகப் பதில் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்தால்கூடச் சில சமயம் காரணம் தெரியாது. பொதுவாக, வெளிச்சுவரின் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஜன்னல் ஓரத்திலும் புள்ளிபுள்ளியாகக் கறுப்பாகப் படர்ந்திருந்தால், வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிந்து வந்தது. காற்றோட்டம் இல்லாமல் துணி உலர்த்தியிருந்தால் குடியிருந்தவருக்கு அதில் பங்கு உண்டு. காற்றுப்போக்கியே இல்லாத அறையாக இருந்தால் பங்கு குறையும். ஒரு திட்டு மட்டும் விளிம்பு பழுப்பேறி, பெயிண்ட் உப்பிப் பெயர்ந்து, தொட்டால் வெண்பொடி உதிர்ந்தால் அது சுவருக்குள் கசிவு. குழாய்க்கு அருகிலோ கூரைக்குக் கீழோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கசிவு உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் ‘சுவர் ஈரமாக இருக்கிறது’ என்று நீங்கள் எப்போதாவது தெரியப்படுத்தினீர்களா என்பதும் கணக்கில் வரும். பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு வரி கிடைத்தாலும் அது உங்களுக்குப் பெரிய துணை.

சுத்தம் செய்யும் கூலிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். குடிவந்த அன்று எப்படி இருந்ததோ அப்படித் திருப்பித் தர வேண்டும், அதைவிடக் கூடுதலாக அல்ல. அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை உப்புக்கறை, பரண், அலமாரியின் உட்பக்கம் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் ஒதுக்கினால் இந்தப் பிடித்தத்துக்கு இடமே இருக்காது.

இனி கடைசி மாத வாடகை. நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். டெபாசிட் அவரிடம் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பணம் திரும்பி வராமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாடகையை நிறுத்திய மறுநாளே நியாயம் கேட்பவர் என்ற இடத்திலிருந்து பாக்கி வைத்தவர் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள். தாமதக் கட்டணம், அடுத்த வீட்டுக்குத் தேவைப்படும் நற்சான்று, சில இடங்களில் வெளியேற்றும் நடவடிக்கை என்று அவருக்குப் புதிய பிடிகள் கிடைக்கும். பிற்பாடு உண்மையான சேதம் ஏதாவது தெரியவந்தால் அதற்கும் தனியாகக் கேட்பார். அவரே சம்மதித்தால் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம், சிறு உரிமையாளர்கள் பலர் சம்மதிப்பதும் உண்டு. அப்போது ‘இந்த மாத வாடகை டெபாசிட்டிலிருந்து கழிக்கப்பட்டது, மிச்சம் இவ்வளவு’ என்று அவர் எழுதி அனுப்பட்டும். வாய்ச்சொல் போதாது.

உரிமையாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீடு ஒன்று மட்டுமே வைத்து அந்த வாடகையில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். டெபாசிட்டை வேறு செலவுக்கு எடுத்துவிட்டு, புதிதாக வருபவர் கொடுத்தால்தான் உங்களுக்குத் தர முடியும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அது சரியான காரணம் அல்ல, ஆனால் பிடித்தப் பட்டியல் நீள்வதற்கு அடியில் பல நேரம் அதுதான் இருக்கிறது. அப்படித் தெரிந்தால் இரண்டு தவணையாக, தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். முழுப் பணமும் வந்து சேர அது உதவும். அதேபோல், கடைசி மின்கட்டணம் வரும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்திவைக்கிறேன் என்று அவர் கேட்பதும் நியாயமே. ஜெர்மனியில் ஆண்டு முடிந்து வரும் பராமரிப்புக் கணக்குக்காக ஒரு பகுதியைப் பிடித்துவைப்பது வழக்கம். சிறு தொகையாக இருக்க வேண்டும், பில் வந்ததும் கணக்கு முடிய வேண்டும் என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது, சாவியைக் கொடுக்கும் முன் வீட்டைச் சேர்ந்து சுற்றிப் பார்ப்பது. ஒரு முறை இப்போதே வரச் சொல்லுங்கள்: ‘எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று காட்டுங்கள், என்னால் முடிந்ததை நானே செய்துவிடுகிறேன்.’ கலிபோர்னியாவில் இப்படிக் காலி செய்வதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஒரு பார்வையிடல் கேட்பது சட்டப்படியான உரிமை. சட்டம் இல்லாத இடத்திலும் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இரண்டாம் முறை, சாமான்களை எல்லாம் ஏற்றிய பிறகு, பகல் வெளிச்சத்தில். ஒவ்வொரு அறைக்கும் வாசலில் நின்று அகலமாக ஒரு படம், பிறகு குறையுள்ள இடத்துக்கு அருகில் போய் ஒரு படம். நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு தெரியும். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு விளக்கையும் போட்டு அணையுங்கள், இதை வீடியோவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் எண்கள் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற படிநிலைக் கட்டணமாக இருந்தால், பில் காலத்தின் நடுவில் காலி செய்வது குழப்பத்தைத் தரும்: நீங்கள் 150 யூனிட், அடுத்து வந்தவர் 250 யூனிட் என்றால் மொத்தம் 400க்கு பில் வரும். அதை யூனிட் விகிதத்தில் பிரித்து எட்டில் மூன்று பங்கை நீங்கள் ஏற்பதுதான் சச்சரவு குறைந்த வழி.

சுற்றிப் பார்த்து முடித்ததும் ஒரு தாளில் அறை வாரியாகக் குறைகள், மீட்டர் எண், கொடுத்த சாவிகள் எத்தனை, தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதே விவரத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குடிவந்தபோது இப்படி ஒரு பட்டியல் எழுதவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று காட்ட முடியாதபோது, மோசமாக்கியது நீங்கள்தான் என்று நிரூபிப்பது அவருக்குத்தான் கடினம். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை: பிரான்ஸில் குடிவரும்போது நிலைப் பட்டியல் எழுதாமல் விட்டால், வீடு நல்ல நிலையில்தான் கைக்கு வந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் குடிவந்த சமயத்தில் எடுத்த பழைய படங்கள் ஏதாவது இருந்தால், பின்னணியில் சுவர் தெரிகிற பிறந்தநாள் படமாக இருந்தாலும், எடுத்து வையுங்கள்.

பணம் எப்போது வர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்கிறது. கலிபோர்னியாவில் 21 நாள், பிடித்தப் பட்டியலும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிரான்ஸில் குறை ஏதும் இல்லாவிட்டால் ஒரு மாதம், இருந்தால் இரண்டு மாதம். தாமதித்தால் தொடங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூட வரும். ஜெர்மனியில் நாள் கணக்கைச் சட்டம் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் கெடு எதுவும் இல்லை என்றால் நீங்களே ஒரு நியாயமான தேதியை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ‘காலி செய்யும்போது பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது’ என்று இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எனக்குச் சந்தேகமான இடம். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015இல், பெயிண்ட் அடிக்காத நிலையில் வீட்டைப் பெற்றவரிடம் ஈடு எதுவும் தராமல் இப்படி ஒரு பொது நிபந்தனையைச் சுமத்த முடியாது என்றது. வேறு பல இடங்களில் கையெழுத்துப் போட்ட வரி செல்லும். அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், காலி செய்யும் முன் உள்ளூர் வழக்கறிஞரிடமோ வாடகைதாரர் உதவி மையத்திலோ அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். இல்லை என்றால் முழு வீட்டு பெயிண்ட்டை ஒத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

அவர் பட்டியல் அனுப்பியதும் கோபத்தோடு பதில் எழுத வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ஏற்கிறேன், பாதி ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று தனித்தனியாக எழுதி, மதிப்பீட்டுச் சீட்டு அல்லது பில் கேளுங்கள். ‘மேடைத் தழும்புக்கு என் பங்கைத் தருகிறேன். பெயிண்ட் அடித்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டதால் அதை ஏற்கவில்லை. மீதித் தொகையை இந்தத் தேதிக்குள் இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்கிற அளவுக்குச் சுருக்கமாக. ஒத்துக்கொள்ளும் பகுதியை உடனே தரச் சொல்லுங்கள், தகராறு உள்ளது மட்டும் நிற்கட்டும். ஆனால் அதை வாங்கும்போது ‘முழுக் கணக்கும் முடிந்தது’ என்ற ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பகுதித் தொகை பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றமோ வாடகைத் தகராறுகளுக்கான அமைப்போ இருக்கும். சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறைச் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாட வேண்டியதுதான். இவற்றுக்குக் கால வரம்பு உண்டு, மாதக்கணக்கில் காத்திருந்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.

சாவி கொடுக்கும் அன்று உங்கள் புதிய முகவரியையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ‘எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை’ என்ற பதிலை அடிக்கடி கேட்டிருக்கிறேன். மேடை கல்லா லேமினேட்டா, பூஞ்சை எந்தச் சுவரில், ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றி என்ன வரி, எந்த நாடு என்று இங்கேயே எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.